நமக்குள்ள எதுக்குப் பேப்பர்

மார்ச் 4

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நேற்று போனில் நாம் இருவரும் போட்ட சத்தத்துக்குப் பிறகு என் மகள் உங்கள் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "ரெண்டு பேரும் இனிமே போன்ல பேசிக்க வேண்டாம். குழந்தை பயந்துபோய் அழுது" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் சொன்னது நியாயம். அதனால் எழுதுகிறேன். எழுதுவதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பேசியதை இல்லை என்று சாதிக்கலாம், எழுதியதைச் சாதிக்க முடியாது.

நாளைக்கு வேறு யாராவது இதைப் படிக்க நேர்ந்தாலும் விளங்க வேண்டும். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். நான் ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். உமியில் காளான் இழையைக் கலந்து, அச்சில் அடைத்து, ஆறு நாள் வளரவிட்டு, சூட்டறையில் காயவைத்து, உடையக்கூடிய சாமான்களுக்கு மெத்தையாக வைக்கும் ஃபோம் செய்கிறேன். தெர்மாகோல் செய்கிற வேலையை அது செய்யும். வேலை முடிந்ததும் தோட்டத்தில் போட்டால் இரண்டு மாதத்தில் மண்ணாகிவிடும். நீங்கள் மைக்ராஸ்கோப் செய்யும் கம்பெனியில் கொள்முதல் மேலாளர். மூன்று வருடமாக உங்கள் மைக்ராஸ்கோப்புகள் என் ஃபோமில் படுத்துக்கொண்டுதான் ஊர் ஊராகப் போகின்றன. நம் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனது அதற்கு ஒரு வருடம் கழித்து. ஆர்டரைப் பார்த்து நான் பெண் கொடுக்கவில்லை. பெண்ணைக் காட்டி ஆர்டரும் வாங்கவில்லை.

நேற்று காலை உங்கள் கம்பெனியிலிருந்து பதிவுத் தபால் வந்தது. கூட்டாளிச் சப்ளையர் பட்டியலிலிருந்து என் பட்டறையை மூன்று வருடத்துக்கு நீக்கியிருக்கிறார்களாம். காரணம் ஒரே வாக்கியம்: "சப்ளையர், ஃபோமின் கனத்தை நான்கு சென்டிமீட்டரிலிருந்து இரண்டரையாகத் தன்னிச்சையாகக் குறைத்ததன் விளைவாக, டிசம்பரில் அனுப்பிய அறுநூற்று நாற்பது கருவிகளில் இருநூற்றுப் பன்னிரண்டு சேதமடைந்தன."

தன்னிச்சையாக. அந்தச் சொல்லை நாலு தடவை படித்தேன்.

செப்டம்பரில் பேரனை எனக்குக் காட்ட நீங்கள் குடும்பத்தோடு வந்தீர்கள். மற்றவர்கள் வீட்டில் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்க, பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாக என்னோடு வந்து, சூட்டறை வாசலில் நின்று, கனத்தைக் குறைக்கச் சொன்னது யார்? அச்சுகள் தாமாகவே மெலிந்து கொண்டனவா?

ஒரே ஒரு கேள்வி. அந்த வாக்கியத்தை எழுதியது நீங்களா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று போதும்.

இப்படிக்கு,
பட்டறைக்காரி


மார்ச் 11

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நடந்தது குறித்து ஆழ்ந்த வருத்தம் அடைகிறேன்.

தாங்கள் குறிப்பிட்டுள்ள அறிக்கை தனி ஒருவருடையது அல்ல. ஐந்து பேர் கொண்ட குழு ஆராய்ந்து எடுத்த முடிவு. எழுத்துமூலமான உத்தரவு இல்லாமல் செய்யப்படும் எந்த மாற்றத்துக்கும் சப்ளையரே பொறுப்பு என்பது ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவு. அதன் அடியில் தங்கள் கையெழுத்து இருக்கிறது. வாய்ப்பேச்சாக ஆயிரம் வரும், போகும். கோப்பில் இருப்பதைத்தான் குழு பார்க்க முடியும். கோப்பில் ஒன்றும் இல்லை.

உறவையும் தொழிலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மூன்று வருடம் என்பது வழக்கமாக எழுதப்படும் காலம். ஒரு வருடம் பொறுத்திருங்கள். சூடு ஆறியதும் என்னால் முடிந்ததைச் செய்கிறேன். இதற்கிடையில் நிர்வாகத்துக்கு நேரடியாக எதுவும் எழுத வேண்டாம். அது தங்களுக்குப் பாதகமாகவே முடியும்.

மருமகள் நலம். பேரன் நலம். கீழ் வரிசையில் முதல் பல் முளைத்திருக்கிறது. நேற்று என் விரலைக் கடித்துவிட்டான்.

தங்கள்,
சம்பந்தி


மார்ச் 17

சம்பந்தி அவர்களுக்கு,

பல் முளைத்த செய்திக்கு நன்றி. கடிப்பதற்கு என் பேரன் சரியான ஆளைத்தான் பார்த்திருக்கிறான்.

ஆம், இல்லை என்று கேட்டதற்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு பக்கத்தில் ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. ஐந்து பேர் குழுவாம். ஐந்து பேரில் எத்தனை பேர் செப்டம்பரில் என் சூட்டறை வாசலில் நின்றார்கள்?

உங்களுக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். அன்று நீங்கள் ஒரு ஃபோமைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "இவ்வளவு கனம் எதுக்கு? ரெண்டரை போதும். லாரியில மூணு பெட்டி போற இடத்துல நாலு வைக்கலாம்" என்றீர்கள். "பண்ணிப் பாக்கலாம். ஆபீஸ்லேர்ந்து ஒரு லெட்டர் அனுப்பிடுங்க" என்று நான் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "என்ன சம்பந்தியம்மா, நமக்குள்ள எதுக்குப் பேப்பர்" என்று சொல்லிவிட்டு, ஃபோமை என் கையில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தீர்கள். பேரனை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டீர்கள்.

அன்று நமக்குள் பேப்பர் வேண்டாம். இன்று பதினான்காம் பிரிவு. உறவையும் தொழிலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியது யார் என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

போன வருடம் கூட்டாளிகள் தினம் என்று ஒரு மண்டபத்தில் நடத்தினீர்களே, அதுவும் ஞாபகம் இருக்கட்டும். என்னை மேடையில் ஏற்றிக் கேடயம் கொடுத்து, உங்கள் டைரக்டர் என் தோளில் கை போடாத குறையாக நின்று படம் எடுத்துக்கொண்டார். "இவங்க எங்க சப்ளையர் இல்லை, எங்க பார்ட்னர்" என்று மைக்கில் சொன்னார். அந்தப் படம் இன்னும் உங்கள் கம்பெனி விளம்பரப் புத்தகத்தில் இருக்கிறது. பார்ட்னர் என்றால் இரண்டு பேரும் சேர்ந்து தூக்குவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மூட்டை விழுந்ததும் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவதற்கும் அதுதான் பெயர் என்று இப்போதுதான் தெரிகிறது.

உங்கள் பட்டியல் உங்கள் கம்பெனிக்குள் மட்டும் இருப்பதில்லை. எல்லோரும் படிக்கிறார்கள். எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த விளக்குக் கம்பெனி திங்கட்கிழமை ஆர்டரை நிறுத்திவிட்டது. வளர்ந்துகொண்டிருந்த நாற்பது அச்சைப் பாதியில் கொட்டினோம். உயிரோடு இருந்த பொருள். அதைக் கொட்டும்போது சூட்டறையைப் பார்த்துக்கொள்ளும் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பத்தொன்பது பேர் இங்கே வேலை செய்கிறார்கள். அவர்களிடம் ஒரு வருடம் பொறுத்திருங்கள் என்று நீங்களே வந்து சொல்லுங்கள்.

என் மகளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். பேசினால் எனக்குத் தெரிந்துவிடும்.

பட்டறைக்காரி


மார்ச் 26

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

சரி. ஆம்.

வாக்கியத்தை நான் எழுதவில்லை, தரக்கட்டுப்பாட்டு அதிகாரி எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். உங்கள் பார்வையில் இரண்டும் ஒன்றுதான் என்று தெரியும். இருந்தாலும் நடந்ததைச் சொல்கிறேன்.

புது டைரக்டர் வந்ததிலிருந்து லாரி நடையைக் குறை என்பதுதான் பேச்சு. மூன்று பெட்டி போகிற இடத்தில் நான்கு வைத்தால் நடை கால்வாசி குறையும், ஆண்டறிக்கையில் அதைப் பச்சை எழுத்தில் போடலாம். "சப்ளையர்கிட்ட எழுதிக் கேட்டா ஆறு மாசம் டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு இழுப்பாங்க. உங்க சொந்தக்காரங்கதானே, பேசி முடிங்க" என்று என்னிடம் சொன்னார். நான் பேசி முடித்தேன். பெட்டிகள் உடைந்து திரும்பி வந்தபோது, "யாரு மாத்தச் சொன்னது?" என்று அதே டைரக்டர் அதே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லாத மாதிரி இருந்தது. கோப்பைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு கெட்ட பெயர் எடுத்ததில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டேன். இப்போது நானும் ஒன்று கேட்கிறேன். என்னை மட்டும் கூண்டில் ஏற்றி வைத்துக் கேள்வி கேட்கிறீர்களே, ஃபோம் செய்வது நானா நீங்களா? ஐந்தரை கிலோ இரும்பும் கண்ணாடியும் அதற்குள் உட்காரப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாதா? ஒவ்வொரு அளவையும் கீழே போட்டுப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன் என்று அந்த மேடையில் நீங்கள்தான் பேசினீர்கள். போட்டுப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் நீங்கள் என்ன தொழில்காரி? பார்த்தீர்கள், தாங்கவில்லை என்றால், எதற்காக அனுப்பினீர்கள்?

இதோடு ஒரு கடிதத்தின் நகலை வைத்திருக்கிறேன். தொலைதூரத்தில் உள்ள ஒரு சின்ன மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்யும் பெண் எங்களுக்கு எழுதியது. அதை மூன்று வாரமாக என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். நான் மட்டும் படிப்பது நியாயமில்லை. நீங்களும் படியுங்கள்.

சம்பந்தி


ஏப்ரல் 5

சம்பந்தி அவர்களுக்கு,

படித்தேன்.

கழுத்து முறிந்த மைக்ராஸ்கோப்பைப் பெட்டியிலிருந்து எடுத்ததை அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். மறுநாளே ஒரு அம்மாவைக் காய்ச்சலோடு கொண்டுவந்தார்களாம். பார்க்கக் கருவி இல்லாததால் ரத்தத்தைப் பேருந்தில் வேறு ஊருக்கு அனுப்பி, முடிவு மூன்றாம் நாள் வந்து, அதற்குள் அந்த அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் தன் பிள்ளைகளின் பெயரைச் சொல்ல இன்னும் தடுமாறுகிறாளாம். "பெட்டியின் மேல் மண்ணுக்கு நல்லது என்று அச்சடித்திருந்தது. மனுஷருக்கு நல்லதா என்று யாரும் பார்க்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறாள்.

கேள்வி கேட்டீர்கள். பதில் சொல்கிறேன். உங்களைப் போல ஒரு பக்கம் வேறு கதை எழுத மாட்டேன்.

போட்டுப் பார்த்தேன். நவம்பர் ஆறாம் தேதி. நீங்கள் கொடுத்து வைத்திருந்த பழைய மைக்ராஸ்கோப்புகளைப் பெட்டியில் வைத்து, இடுப்பு உயரத்திலிருந்து, ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம், மொத்தம் பத்துத் தடவை. மூன்று பெட்டி போட்டோம். முதல் பெட்டி இரண்டாவது விளிம்பிலேயே போய்விட்டது. அடுத்தது ஏழாவது விழுகையில் போனது. மூன்றாவது தாங்கியது. சூட்டறைப் பெண் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது தாங்காது. அவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்க" என்றாள்.

போட்டேன். நீங்கள்தான் எடுத்தீர்கள். "உங்க பொண்ணு போட்ட காபியைத்தான் குடிச்சிட்டிருக்கேன். என்ன விஷயம் சொல்லுங்க" என்றீர்கள். பின்னால் அவள் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. நான், "சும்மாதான் கூப்பிட்டேன். பேரன் என்ன பண்றான்?" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. போனை வைத்துவிட்டு, மூன்றில் ஒன்று தாங்கியிருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லாரியில் ஏற்றச் சொன்னேன். சூட்டறைப் பெண் மூன்று பெட்டியின் முடிவையும் சோதனை நோட்டில் எழுதி மூடினாள்.

வேறு எந்தக் கம்பெனிக்காரர் வந்து கேட்டிருந்தாலும், "முடியாது, போய்ட்டு வாங்க" என்று சொல்லியிருப்பேன். சொல்லியிருக்கிறேன். விளக்குக் கம்பெனிக்காரரை ஒரு தடவை வாசலோடு அனுப்பினேன். உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் என் பெண் உங்கள் வீட்டில் இருக்கிறாள். அவள் மாமனார் கேட்ட ஒன்றை அவளுடைய அம்மா மறுத்தாள் என்று அந்த வீட்டில் ஒரு நாள், ஒரு வேளை, ஒரு முகம் சுருங்கக்கூடாது என்று நினைத்தேன். நீங்கள் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்டவரா இல்லையா என்று சோதித்துப் பார்க்க என் பெண்ணை வைத்து எனக்குத் தைரியம் வரவில்லை.

எனக்கு ஆத்திரம் எங்கே வருகிறது தெரியுமா? இது உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் ஆபீஸிலிருந்து கடிதம் அனுப்பாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கேட்டீர்கள். உங்கள் டைரக்டருக்கும் தெரிந்திருந்தது. முடியாது என்று சொல்ல முடியாத ஆளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அவளுக்குக் கூட்டாளி என்று பெயர் வைத்தீர்கள்.

என் பங்கை நான் எழுதிவிட்டேன். நவம்பர் ஆறாம் தேதிச் சோதனைப் பக்கத்தை நகல் எடுத்து, தாங்காது என்று தெரிந்தே அனுப்பினேன் என்று கையெழுத்துப் போட்டு, உங்கள் டைரக்டருக்கு நேற்று அனுப்பினேன். கனத்தைக் குறைக்கும்படி வாய்மொழியாகக் கேட்கப்பட்டது என்றும் எழுதியிருக்கிறேன். யார் கேட்டது என்று எழுதவில்லை. அதை எழுத வேண்டியது நானில்லை.

பரிசோதனை செய்யும் அந்தப் பெண்ணுக்கும் தனியாக எழுதினேன். மன்னிப்புக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பட்டறைக்காரி


ஏப்ரல் 23

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாங்கிக்கொடுத்ததே உங்கள் மகள்தான். படித்து முடித்ததும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். நீங்கள் பேச வேண்டாம் என்று சொன்னதை மீறிவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அம்மாகிட்ட நான் ஒண்ணு கேட்டு, அவங்க முடியாதுன்னு சொல்லியிருந்தா, இந்த வீட்டுல உனக்கு ஏதாவது மாறியிருக்கும்னு நினைக்கிறியா?" என்று கேட்டேன்.

உடனே இல்லை மாமா என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையிலிருந்த தட்டைத் துடைத்து முடித்தாள். அடுத்த தட்டை எடுத்தாள். அதையும் துடைத்துவிட்டு, "தெரியலை மாமா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்து, நிஜமாகவே தெரியாமல் சொன்னாள். இரண்டு வருடம் என் வீட்டில் இருக்கிற பெண்.

பதினெட்டாம் தேதி கூட்டம் நடந்தது. உங்கள் வாக்குமூலத்தை டைரக்டர் வாசித்தார். முடித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு. அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்க. யாரு கேட்டதுன்னும் பேரு இல்லை. ஃபைலை மூடிடலாம்" என்றார். தரக்கட்டுப்பாட்டு அதிகாரி தலையாட்டினார். நீங்கள் எழுதிய உண்மையை எடுத்து, தங்களுக்கு வேண்டிய பொய்யின் மேல் மூடியாக வைத்து அழுத்துகிறார்கள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எழுந்து நின்று, "கேட்டது நான்தான். கேக்கச் சொன்னது நீங்க" என்றேன்.

யாரும் கத்தவில்லை. டைரக்டர், "உக்காருங்க சார். முதல்ல தண்ணி குடிங்க" என்றார். எனக்கு உடம்பு சரியில்லை என்பது போல ஒருவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். நான் சொன்னதைக் குறிப்பில் ஏற்றவே இல்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போனபோது ஒருவர் என் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்படியே என் இருக்கைக்குப் போய் எல்லாவற்றையும் கையால் எழுதினேன். செப்டம்பரில் கேட்டது, யார் சொல்லிக் கேட்டது, அறிக்கையில் பொய் என்று தெரிந்து கையெழுத்துப் போட்டது. எழுதி, தபால் பிரிவில் கொடுத்து வரவு முத்திரை போடச் சொன்னேன். சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத கம்பெனி என்ற எங்கள் பச்சைச் சான்றிதழைப் புதுப்பிக்க வெளியிலிருந்து தணிக்கைக்காரர்கள் வருவார்கள். சப்ளையர் சம்பந்தமாக முத்திரை விழுந்த எந்தத் தாளும் அவர்கள் பார்வைக்குப் போயே தீர வேண்டும். இருபத்தெட்டு வருடம் அங்கே இருந்ததற்கு அந்த அளவுக்காவது பயன்.

முத்திரை குத்தியவர் முதல் பத்தியைப் படித்துவிட்டு, "நிஜமாவே போடவா சார்?" என்று கேட்டார். போடச் சொன்னேன்.

சம்பந்தி


ஜூன் 8

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தணிக்கைக்காரர்கள் மூன்று நாள் இருந்தார்கள். என்னை ஒரு நாள் முழுக்க உட்காரவைத்துக் கேட்டார்கள். டைரக்டரையும் கேட்டார்கள். அவர் இன்னும் டைரக்டராகத்தான் இருக்கிறார், அதில் மாற்றமில்லை. ஆனால் உங்கள் மேல் போட்ட வாக்கியம் எடுக்கப்பட்டுவிட்டது. கடிதம் வந்திருக்கும்.

என்னைக் கொள்முதலிலிருந்து எடுத்து, திரும்பி வந்த சரக்கு வைக்கும் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளையும் நான்தான் பிரித்துப் பதிவு செய்கிறேன். தண்டனையாக நினைத்துத்தான் கொடுத்தார்கள். நூற்று முப்பது பிரித்தாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் உங்கள் ஃபோமை எடுத்து வைத்துவிட்டுத்தான் உடைந்ததைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஃபோமில் ஒரு குறையும் இல்லை, கனம் போதாது, அவ்வளவுதான். கட்டைவிரலால் அழுத்தினால் அந்தப் பக்கத்து விரலுக்குத் தெரிகிறது. இதை நான் செப்டம்பரிலேயே அழுத்திப் பார்த்திருக்கலாம். கையில்தான் வைத்திருந்தேன்.

இப்போது நான் கேட்க நினைப்பதைக் கேட்டுவிடுகிறேன். மாதக் கடைசியில் வேலையை விடுகிறேன். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உங்கள் பட்டறைக்கு நான் வரட்டுமா? யார் யார் எப்படிப்பட்ட வாங்குபவர்கள், யார் எந்த வார்த்தையைப் போட்டு எதை மறைப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நானே அப்படி எழுதியவன்தானே. விட்டுப்போன ஆர்டர்களைத் திரும்பப் பிடித்துத் தருகிறேன். நீங்கள் எது சொன்னாலும் செய்கிறேன். கைமாறு ஒன்றும் வேண்டாம்.

சம்பந்தி


ஜூன் 28

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் வந்தது, உங்களுடையதும் உங்கள் கம்பெனியுடையதும். "நிர்வாகக் காரணங்களால் முந்தைய முடிவு மறுபரிசீலனை செய்யப்பட்டது" என்று போட்டிருக்கிறார்கள். மன்னிப்பு என்ற சொல்லைத் தாளைத் திருப்பிப் போட்டும் தேடினேன், பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதோடு ஒரு விளம்பரப் புத்தகம். இந்த வருடத்துடையது. பதினோராம் பக்கத்தில் நான் கேடயத்தோடு நிற்கிறேன், கீழே எங்கள் நம்பிக்கைக்குரிய கூட்டாளி என்று போட்டிருக்கிறது. பட்டியலில் என் பெயரை அடித்திருந்த அந்த மாதங்களில்தான் இதையும் அச்சடித்திருக்கிறார்கள். வலது கை செய்தது இடது கைக்குத் தெரியாத கம்பெனி இல்லை அது. இரண்டு கைக்கும் தெரியும், வெட்கம்தான் இல்லை.

மறுபடி ஆர்டர் தருவதாகவும், இரண்டரை சென்டிமீட்டரிலேயே செய்து, மேலே ஒரு அட்டையைச் சுற்றிக் கொடுத்தால் போதும் என்றும் கேட்டார்கள். இந்தத் தடவை முறைப்படி எழுதி, முத்திரை குத்தி. இரண்டரையில் செய்ய மாட்டேன் என்று நானும் முறைப்படி எழுதினேன். பத்து நாள் பேச்சு மூச்சில்லை. பிறகு இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் கண் முன்னால் போட்டுக் காட்டுங்கள் என்றேன். சூட்டறைப் பெண் போட்டாள். இரண்டரையும் அட்டையும் மூன்றாவது விழுகையில் போனது. மூன்றேகால் எட்டில் போனது. நாலு சென்டிமீட்டர் பத்தையும் தாங்கியது. அவள் பதினோராவது தடவையும் போட்டாள். யாரும் கேட்கவில்லை, அவளுக்கு ஆசை. நாலு என்றே கையெழுத்தாகியிருக்கிறது. முன்பு வாங்கியதில் பாதிதான் வாங்குவார்கள். விளக்குக் கம்பெனி வரவில்லை. இடையில் ஐந்து பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப வாருங்கள் என்று கூப்பிட எனக்கு முகம் இல்லை.

பரிசோதனை செய்யும் பெண்ணிடமிருந்து பதில் வந்தது. இரண்டே வரி. மன்னித்தேன் என்று எழுதவில்லை. அந்த அம்மா இப்போது வீட்டில் இருக்கிறாள், புது மைக்ராஸ்கோப் என்று வரும் என்று கேட்டிருக்கிறாள். புதுச் சரக்கில் முதல் பெட்டி அவளுக்கென்று எழுதி வாங்கியிருக்கிறேன்.

நீங்கள் செய்தது சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். ஏழு மாதம் தாமதமாகச் செய்தீர்கள் என்றும் தெரியும். இரண்டையும் ஒன்றாகத்தான் நினைத்துக்கொள்கிறேன், ஒன்றைச் சொல்லி மற்றதைக் கழிக்க எனக்குத் தெரியவில்லை.

இனி, உங்கள் கடைசிப் பத்திக்கு வருகிறேன். பட்டறைக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியாது.

கோபத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம். கோபம் இருக்கிறது, ஆனால் காரணம் அதுவல்ல. நீங்கள் இங்கே வந்தால் நான் முதலாளி. நான் ஒரு தப்பைச் செய்யச் சொல்வேன், சொல்லாமல் இருக்க மாட்டேன், எனக்கும் லாரி வந்து வாசலில் நிற்கும். நீங்கள் அது தப்பென்று தெரிந்தும் சரி என்பீர்கள். நடந்ததற்குப் பரிகாரம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாகத் தலையாட்டுவீர்கள். எது சொன்னாலும் செய்கிறேன் என்று இப்போதே எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு சுகமாக இருக்கும் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே எனக்குத் தோன்றியது. தோன்றியதும் பயந்துவிட்டேன்.

இதைப் படித்து நீங்கள் வருத்தப்படுவீர்கள். வீட்டில் ஒரு வேளை முகம் சுருங்கினாலும் சுருங்கும். என் மகள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி